பழைய நகரப் பகுதியில் மரபு நடையை மாநகராட்சியே நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
பழைய நகரப் பகுதியில் குடியிருப்பவர்,
அண்டைத் தெருக்களில் வசிப்போர் சார்பாகவும்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: பழைய நகரப் பகுதியில் வழிகாட்டியுடன் கூடிய மரபு நடையை மாநகராட்சியே தொடங்கி நடத்தவும், இப்போது நடக்கும் தனியார் நடைகளுக்கு விதிமுறை வகுக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

சில காலமாக விடுமுறை நாள் காலைகளில் எங்கள் தெருக்களுக்கு மரபு நடைக் குழுக்கள், அதாவது பழைய வீடுகளையும் தெருக்களையும் வழிகாட்டியோடு நடந்தே சுற்றிப் பார்ப்பவர்கள், வருகின்றன. அவர்கள் வருவது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் தினமும் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு மர நிலையையோ, சுவரில் பாதி அழிந்த எழுத்தையோ வெளியூர்க்காரர் ஒருவர் நின்று பார்க்கும்போது எங்கள் பிள்ளைகளும் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, அந்த வீட்டின் முன்னால் இருபது பேர் நின்று வியந்து பேசுவது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் இந்த நடைகளுக்குப் பொறுப்பு என்று யாரும் இல்லை. ஒரு குழுவில் எத்தனை பேர் வரலாம் என்று வரையறை கிடையாது. இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில் ஒரு பெருங்கூட்டம் நின்றுவிடுகிறது. நடுவில் ஒலிபெருக்கி வேறு. உடம்பு சரியில்லாதவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகக்கூட வழிவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. திறந்திருக்கும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இருப்பவர்களைப் படம் எடுக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது: சொல்லப்படும் கதைகள் பல தவறானவை. வாசலுக்கு மேலே கல்லில் வெட்டியிருக்கும் ஆண்டு ஒன்று, அதன் கீழே நின்றுகொண்டு வழிகாட்டி சொன்ன ஆண்டு வேறு. கேட்டவர்கள் அதையே குறித்துக்கொண்டு போனார்கள்.

இதற்காக நடைகளையே தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாநகராட்சியே ஒரு நடையை ஏற்று நடத்த வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. நல்ல நடை ஒன்று தொடர்ந்து நடந்தால் மற்றவற்றுக்கு அதுவே அளவுகோல் ஆகிவிடும்.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. அகமதாபாத் மாநகராட்சி 1997 நவம்பரில் தன் பழைய நகரத்தில் மரபு நடையைத் தொடங்கியது. காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் கிளம்பி, 'போள்' எனப்படும் குடியிருப்புச் சந்துகள் வழியாகச் சென்று, ஜும்மா மசூதியில் முடியும் நடை அது. வழியில் பார்ப்பவை பெரிய நினைவுச் சின்னங்கள் மட்டும் அல்ல. போளின் வாயிற்கதவு, மரச் செதுக்கு வேலை கொண்ட வீட்டு முகப்புகள், பறவைகளுக்குத் தீனி வைக்கும் சபூத்ரா தூண்கள், கவிஞர் தல்பத்ராமின் வீடு இருந்த இடம் என்று மக்கள் வாழ்ந்த, இன்றும் வாழ்கிற இடங்களே அதன் சிறப்பு. 2017-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை பெற்ற முதல் இந்திய நகரம் அகமதாபாத். அந்தத் தகுதிக்கு நடை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, தன் பழைய தெருக்கள் பார்க்கத் தகுந்தவை என்று அந்த மாநகராட்சி முடிவு செய்து செயலில் இறங்கியிருந்தது. அந்த முடிவைத்தான் தங்களிடமும் எதிர்பார்க்கிறோம்.

வழிகாட்டிகளை இந்தப் பகுதியிலிருந்தே தேர்ந்தெடுங்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நியூயார்க்கில் 1992-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், வரும் பயணிகளுக்குத் தங்கள் பேட்டையை அங்கே வசிக்கும் தன்னார்வலர்களே சுற்றிக் காட்டினார்கள். அதே வழக்கம் அப்புறம் பல நாடுகளின் நகரங்களுக்குப் பரவியது. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 2006-இல் மறைந்த பின், அவர் நினைவாக அடுத்த ஆண்டு டொராண்டோவில் குடிமக்களே முன்னின்று நடத்தும் இலவச நடைகள் தொடங்கின. இப்போது உலகின் பல நகரங்களில் ஆண்டுதோறும் மே மாத வாக்கில் அவை நடக்கின்றன. ஒரு தெருவில் வளர்ந்தவருக்கு எந்த வீட்டுக்காரர் முற்றத்தைக் காட்டச் சம்மதிப்பார், எந்த வீட்டில் நோயாளி படுத்திருக்கிறார், எந்தக் கிணறு எப்போது மூடப்பட்டது என்று தெரியும். இதை வெளியிலிருந்து வருபவருக்கு எந்தப் பயிற்சியாலும் கொடுத்துவிட முடியாது.

சரி, தெருவில் வளர்ந்தவர் என்பதாலேயே ஒருவர் நல்ல வழிகாட்டி ஆகிவிடுவாரா என்றால், இல்லை. பயிற்சி கட்டாயம் வேண்டும். எது கல்வெட்டிலும் பத்திரத்திலும் இருக்கிறது, எது வாய்வழியாக மட்டும் வருகிறது என்று பிரித்துச் சொல்லப் பழக்க வேண்டும். வாய்வழிக் கதையை விட்டுவிடச் சொல்லவில்லை. 'இப்படிச் சொல்வார்கள்' என்று சொல்லிவிட்டுச் சொன்னால் போதும். ஒரே சுவரில் வெவ்வேறு காலத்துச் செங்கற்களை அடையாளம் காட்டுவது, ஒரு வீட்டின் கீழ்த்தளம் கடையாகவும் மேல்தளம் குடியிருப்பாகவும் ஏன் அமைந்தது என்று விளக்குவது, இதெல்லாம் கற்றுக்கொடுக்கக் கூடியவை. ஆவணக் காப்பகத்தில் இருப்பவர்களும் கட்டடக்கலைப் பேராசிரியர்களும் இந்தப் பயிற்சியை நடத்தலாம். தேர்வு வைத்து அடையாள அட்டை கொடுக்கலாம். கட்டாயம் ஊதியமும் கொடுக்க வேண்டும். பல நகரங்களில் 'இலவச நடை' என்று விளம்பரம் செய்துவிட்டு, பார்வையாளர் கடைசியில் விரும்பிக் கொடுக்கும் பணத்தில்தான் வழிகாட்டி பிழைக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கூட்டம் பெருத்தால்தான் வருமானம் என்ற நிலை வந்தால், எந்த வழிகாட்டியும் ஆட்களைக் குறைக்க மாட்டார்.

குழுவின் அளவைப் பற்றி மற்ற நகரங்கள் ஏற்கெனவே பாடம் படித்துவிட்டன. வெனிஸ் 2024-இல் ஒரு குழுவுக்கு 25 பேர் என்று வரம்பு வைத்து, ஒலிபெருக்கியையும் தடை செய்தது. ஆம்ஸ்டர்டாம் நகர மையத்தில் வரம்பு 15 பேர். சியோலில் புக்ச்சோன் என்ற பழைய குடியிருப்பில், குறிப்பிட்ட தெருக்களுக்குள் சுற்றுலாப் பயணிகள் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே வரலாம் என்று 2024 நவம்பரில் விதி கொண்டுவந்தார்கள். இந்த ஊர்கள் எல்லாம் தொல்லை முற்றிய பிறகு விதி போட்டவை. எங்கள் சந்துகளின் அகலத்துக்கு 15 பேர் என்பதே சரியான அளவு. ஒலிபெருக்கி அறவே வேண்டாம். பதினைந்து பேருக்குச் சாதாரணக் குரலே கேட்கும். கேட்காத இடத்தில் காதில் மாட்டும் சிறு கருவிகளைக் கொடுக்கலாம். வீட்டுக்குள் நுழையவும், வீட்டில் இருப்பவர்களைப் படம் எடுக்கவும் வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்பதை நடை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தனியார் குழுக்களுக்கும் இதே விதிகளுடன் அனுமதிச் சீட்டு முறை வரட்டும்.

நடைப்பாதை இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் வயதானவர்களும் வர முடியும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குப் படிகள் இல்லாத மாற்றுப் பாதை ஒன்று வேண்டும். வழியில் நிழலில் உட்கார இடமும், தொடக்கத்திலும் முடிவிலும் கழிப்பறையும் அவசியம். நடைக்கு வர நேரமில்லாதவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாஸ்டன் நகரில் 16 வரலாற்று இடங்களை இணைத்துத் தரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. சுமார் நான்கு கிலோமீட்டர் நீளம். வழிகாட்டி இல்லாதவரும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம். 1951-இல் ஒரு பத்திரிகையாளர் சொன்ன யோசனை அது. லண்டனில் வீட்டுச் சுவர்களில் நினைவுப் பலகை பதிக்கும் வழக்கம் 1860-களிலேயே தொடங்கிவிட்டது. சரிபார்த்த தகவலோடு கட்டடத்துக்கு ஒரு சிறு பலகை என்பது மாநகராட்சிக்குப் பெரிய செலவு அல்ல, தவறான கதைகளுக்கும் அது நல்ல மருந்து.

கடைசியாக, கட்டடங்கள் நிலைத்தால்தான் நடையும் நிலைக்கும். அதனால் நடைப்பாதை முடிவானதும் அதில் வரும் பழைய கட்டடங்களைப் படத்தோடு பதிவு செய்யுங்கள். அவற்றை இடிக்கவோ முகப்பை மாற்றவோ விண்ணப்பம் வந்தால், அனுமதி தரும் முன் பகுதி மக்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். ஓடு மாற்றவும் ஒழுகலை அடைக்கவும் வழியில்லாமல் வீட்டை விற்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. நடைக் கட்டணத்தில் ஒரு பங்கை அவர்களுக்குப் பழுதுபார்ப்பு உதவியாகக் கொடுத்தால், பார்வையாளர் வருவதால் அவர்களுக்கும் கண்ணெதிரே பயன் இருக்கும்.

முதல் கட்டமாக, பகுதி மக்கள், கடைக்காரர்கள், இப்போது நடை நடத்துபவர்கள் ஆகியோரை அழைத்து ஒரு கலந்தாய்வுக் கூட்டம் நடத்தும்படி வேண்டுகிறேன். கூட்டத்துக்கு முன்பாகத் தாங்களும் நகரமைப்பு அலுவலர்களும் ஒரு காலையில் எங்கள் தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும். பாதை வரைபடத்தையும், பேச முன்வந்துள்ள மூத்தவர்களின் பட்டியலையும் தயாராக வைத்திருக்கிறோம். தாங்கள் வரும் நாளைத் தெரிவித்தால் உடன் வந்து காட்டுகிறோம். இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய நகரப் பகுதிக் குடியிருப்பாளர்

இணைப்பு: பகுதி மக்களின் கையொப்பங்கள், நடைப்பாதை வரைபடம்.