சென்னைப் பயணத்தில் கல்லறைத் தோட்டம் எதற்கு?

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளின் சென்னைப் பயணத் திட்டத்தில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்ததும் ஏழெட்டுப் பேர் போன் செய்துவிட்டீர்கள். "மெரினா, மியூசியம் எல்லாம் சரி சார், பிள்ளைகளைக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் புதைக்கப்பட்டது அங்கே அல்ல. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஊர் ஊராக, ஊர்க் கல்லறைகளிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலும் கிடந்தவர்கள். அவற்றையெல்லாம் காலத்துக்கும் பராமரிக்க வழியில்லை என்பதால் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து 1952-ல் இந்தத் தோட்டத்தை அமைத்தார்கள். முதல் உலகப் போரில் இறந்து, இந்தியாவில் எங்கெங்கோ பராமரிப்பில்லாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் அங்கே ஒரு நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன.

நான் போயிருக்கிறேன். நம் மூத்த பிள்ளைகளின் வயதில் இறந்தவர்கள் வரிசை வரிசையாக இருக்கிறார்கள், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அங்கே பிள்ளைகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கற்களின் அளவை. எல்லாம் ஒரே அளவு. பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்க வேண்டும் என்பது இந்தத் தோட்டத்தைப் பராமரிக்கும், 1917-ல் பிரிட்டிஷ் பேரரசு தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் விதி. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகவும் அனுமதி கிடையாது, ஏனென்றால் பணம் இருப்பவர் மட்டும் தன் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார், இல்லாதவர் பிள்ளை அங்கேயே கிடக்கும். இதை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் பிள்ளைக்குச் சிலுவை வடிவில் கல் வையுங்கள் என்று 1919-ல் பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள், அதை முன்நின்று நடத்திய சீமாட்டி போரில் மூன்று மகன்களைப் பறிகொடுத்தவர். அந்த வேதனை புரிகிறது, ஆனாலும் விதி சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விதியை எழுதியவர்களே அதை எல்லா இடத்திலும் காப்பாற்றவில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, இந்திய, மத்திய கிழக்கு வீரர்களிலும் சுமை தூக்கிய தொழிலாளர்களிலும் குறைந்தது 1,16,000 பேரின் பெயரை எங்கும் பொறிக்கவில்லை என்று 2021-ல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கூட்டிப்போவேன்.

அப்புறம், சென்னைப் பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போகிறோம். 1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படையில் இருந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாய் 1777-ல் இறந்து அங்கே இருக்கும் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கிறது, களக்காட்டுச் சண்டையில் இறந்த மகனும் அங்கேதான். ஆனால் அதே குளச்சல் போரில் இரண்டு பக்கமும் மாண்ட சாதாரண வீரர்களில் ஒருவர் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா? அதைப் பார்த்துவிட்டு நந்தம்பாக்கம் போனால் அந்த ஒரே அளவுக் கற்களின் அர்த்தம் பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும்.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியும் பூவுமாகப் போய்ப் பழகிய ஊர் நம்முடையது, பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். கிளம்பும் நாளில் தோவாளையில் பிச்சிப்பூ வாங்கி வாழையிலையில் ஈரமாகக் கட்டி எடுத்துப் போகிறோம். செலவு பள்ளியுடையது, தனியாகப் பணம் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

சம்மதச் சீட்டை வருகிற வெள்ளிக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். உங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தாத்தாவோ மாமாவோ இருந்தால் சீட்டின் பின்பக்கம் அவர் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புங்கள், போட்டோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பூ வைக்கும்போது அந்தப் பெயர்களைப் பிள்ளைகள் சத்தமாக வாசிப்பார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்