பெரியக்காவை அழவைக்காதீர்கள்

திருவிழா நாடகப் போட்டியின் நடுவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் பக்கத்து மேடையில் எங்கள் பிள்ளைகள் போட்ட நாடகத்தை எழுதியவள் நான். இரண்டாம் பரிசு தந்தீர்கள், பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் மதிப்பெண் தாளின் அடியில் நீங்கள் எழுதியிருந்த குறிப்பு இரண்டு வாரமாக மனசை விட்டுப் போகவில்லை. “தம்பியைக் கடலில் காணோம், அக்கா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பாத்திரத்தில் ஈரம் இல்லை. அடுத்த மேடைக்குப் போகும்முன் ஒரு அழுகைக் காட்சி சேர்க்கவும்.”

அந்தக் காட்சியை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பதை உங்களுக்கும், உங்களைப் போல நினைத்திருக்கக்கூடிய மற்றவர்களுக்கும் சொல்லத்தான் இந்த மடல்.

பெரியக்கா என்ன கணக்குப் போடுகிறாள் என்று ஒருமுறை பாருங்கள். மார்கழி மாதம். தம்பி நாட்டுப்படகில் வடகடலுக்குப் போயிருக்கிறான். கேனில் 20 லிட்டர் டீசல், மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் இன்ஜின். ஆக, பத்து மணி நேரம். அதற்குமேல் படகு ஓடாது, மிதக்கும். அடிப்பதோ வாடைக்காற்று, அது தென்மேற்கே தள்ளும். அப்படியானால் மண்டபம் ஊருக்கும் ஆற்றங்கரை ஊருக்கும் நடுவே எங்கேயாவது படகு ஒதுங்கியே ஆக வேண்டும். இதைத்தான் முதல் காட்சியில் ஊர்க்காரர்களிடம் சொல்கிறாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சரி, அது உங்களுக்குக் கல்நெஞ்சமாகத் தெரிந்திருக்கலாம்.

மூன்றாம் காட்சிக்கு வாருங்கள். ஐந்தாம் நாள். அதே நோட்டு, அதே பென்சில். அவள் கணக்குப்படி தம்பி நேற்றே கரைக்கு வந்திருக்க வேண்டும். கணக்கில் பிழை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். என்ன செய்கிறாள்? ரப்பரை எடுத்து அந்த 20-ஐ அழிக்கிறாள். தாளின் மேல் கிடக்கும் ரப்பர் தூளை வாயால் ஊதித் தள்ளுகிறாள். அந்த இடத்தில் 25 என்று எழுதுகிறாள். டீசல் கூடினால் படகு இன்னும் தூரம் போயிருக்கும், தூரம் கூடினால் மிதந்து திரும்ப இன்னும் ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளைத் தம்பிக்காக அவள் திருடுகிறாள். கேனில் 20 லிட்டர்தான் இருந்தது. ஊற்றியவளே அவள்தான், அதுவும் முதல் காட்சியில் இருக்கிறது.

இதற்கு மேல் என்ன ஈரம் வேண்டும்?

இந்தப் பெண்ணை நான் எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. நான் எட்டாவது படிக்கும்போது என் அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அம்மா மூன்றாம் நாள் ஐஸ் கடைப் பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் மிச்ச வலையை எடுத்துப் பொத்தல்களை எண்ணினாள். பார்க்க வந்த சித்தி, அத்தை எல்லாரும் கட்டிப்பிடித்து அழ, அம்மா அவர்களுக்குக் காப்பி போட எத்தனை டம்ளர் என்று கேட்டாள். “என்ன பொம்பள இவ” என்று திண்ணையில் யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது.

பல வருஷம் கழித்து ரேஷன் கார்டில் அப்பா பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்துவிட்டதாகச் சட்டம் கொள்ளும், அந்த ஏழும் முடிந்திருந்தது. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எடுத்தா மாசம் அரைக் கிலோ சீனி குறையும்டி” என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், வீட்டில் சீனியை யாரும் தொடுவதே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. வாங்கிய சீனியெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் உடம்பு கரைக்கு வந்தால்தான் ஒப்பாரி. வராதவருக்கு எப்படி அழுவது? அழுதுவிட்டால் செத்துப்போனதாக நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கையில் கிடைக்கும் ஏதாவது ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போனதைச் சொல்லும் பாட்டிமார்களைக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, பானையில் எவ்வளவு அரிசி இருந்தது, இப்படித்தான் தொடங்குவார்கள். போனவர்களின் பெயர் கடைசியில்தான் வரும். சில சமயம் வராது.

தமிழுக்கும் இது புதிதில்லை. புறநானூற்றின் 279-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் பெண்ணை நினைத்துப்பாருங்கள். நேற்றைய போரில் கணவன் போய்விட்டான். இன்றைக்கும் பறை கேட்கிறது. அவள் ஒரே மகனுக்குக் கையில் வேல் கொடுத்து, வெள்ளை உடுத்தி, குடுமிக்கு எண்ணெய் தடவி அனுப்புகிறாள். எல்லாம் வேலைதான், வரிசையாக. ஒரு சொட்டுக் கண்ணீர் பாட்டில் இல்லை. “மயங்கி” என்று ஒரே ஒரு சொல்லை இடையில் வைத்துவிட்டுப் புலவர் நகர்ந்துவிடுகிறார். அதை வீரம் என்று மட்டும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பறிகொடுத்தவளின் கை சும்மா இருக்க மாட்டாமல் எண்ணெயைத் தேடுகிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். என் 20-ஐ அழித்து எழுதிய 25-ம் அந்த மாதிரி ஒரு சொல்தான். அவர் அளவுக்கு எழுதத் தெரியாது, ஆனால் ஆசை அதுதான்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மேடை உயரம், நீங்கள் உட்கார்ந்திருந்ததோ தூரத்தில். நோட்டில் அவள் எதை அழித்தாள் என்று அங்கிருந்து தெரிந்திருக்காது. அது எங்கள் தவறு. பெரியக்காவாக நடிக்கும் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். “டீச்சர், நோட்டு வேணாம், கரும்பலகை மாதிரி படகுப் பலகையில சாக்பீஸால எழுதட்டுமா? அழிக்கிறது எல்லாருக்கும் தெரியும்” என்றாள். நல்ல யோசனை, அப்படியே மாற்றிவிட்டோம். கையால் அழித்தால் உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டுகிறது. காட்சி முடியும்வரை அவள் அந்தக் கையைச் சேலையில் துடைப்பதில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகச் செய்தாள்.

அழுகைக் காட்சி இருந்தால்தான் அடுத்த மேடை என்றால் நாங்கள் வரவில்லை. பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்கும் சம்மதம்.

ஆனால் அதற்குமுன் ஒருமுறை எங்கள் ஒத்திகைக்கு வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடத் திடலில். முதல் இரண்டு காட்சிகளை எங்கிருந்து பார்த்தாலும் பரவாயில்லை. மூன்றாவதுக்கு மட்டும் முன்னால் வந்து இடது பக்கம் உட்காருங்கள். பலகை அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.