குடல் மாற்றியவருக்கு இளநீர் கொடுத்து அனுப்பாதீர்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

அதிகாரிகளுக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சிறுகுடல் மாற்றியவர்கள் இந்த மாவட்டத்திலும் இருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். இருக்கிறோம் என்றால், என் மச்சான். இரத்தக்குழாய் அடைத்துக் குடல் அழுகியதில் வெட்டி எடுத்துவிட்டார்கள், சென்னையில் மாற்றுக் குடல் வைக்கும்வரை சாப்பாடெல்லாம் கழுத்து இரத்தக்குழாய் வழியாகத்தான் ஏறியது. இப்போது வாயால் சாப்பிடுகிறார், பெரிய விஷயம்தான்.

ஆனால் நாம் குடிப்பது, எச்சில், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்ந்து நாளைக்கு 8, 9 லிட்டர் சிறுகுடலுக்குள் வருகிறது, அதில் பெரும்பகுதியை அதுதான் திரும்ப உறிஞ்ச வேண்டும். மாற்று அறுவையில் இரத்தக்குழாயைத் தைக்கலாம், நரம்பையும் நிணநீர்க் குழாயையும் தைப்பதில்லை. கொழுப்பு அந்த நிணநீர் வழியாகத்தான் போகும் என்பதால், குழாய்கள் தானாக வளர்ந்து சேரும்வரை சில வாரம் நெய்யும் தேங்காய்ப்பாலும் குறைவு. (சொதி இல்லாத கல்யாண வீட்டை மச்சான் எப்படித் தாங்கினார் என்று கேட்காதீர்கள்.) மாவுச்சத்து சீக்கிரமே சேர்ந்துவிடும். தண்ணீரும் உப்பும்தான் பாடாய்ப் படுத்தும், அதுவும் பெருங்குடலுக்குப் போகாமல் வயிற்றில் ஒட்டிய பைக்கு வரும் மாதங்களில்.

ஒரு வெயில் நாளில் பை இரண்டு லிட்டரைத் தாண்டியது. அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து மில்லிலிட்டர் கணக்காக அக்கா எழுதிய நோட்டை நீட்டினால், ஒரு மருத்துவமனையில் அதைப் புரட்டாமலே "எத்தனை தடவை போச்சு?" என்று கேட்டு, பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்து, இளநீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம், மாற்றுக் குடலை உடம்பு நிராகரிக்காமலிருக்க அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும். பதநீர் கொடுக்கலாமே என்றால், அதிலுள்ள சர்க்கரையோ குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பையை இன்னும் நிரப்பும். குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து உள்ளே போனால்தான் தண்ணீரும் பின்னாலேயே போகும், அதற்குத்தான் ஓ.ஆர்.எஸ். பேதியாகும்போது டாக்ரோலிமஸ் இரத்தத்தில் கூடிவிடும், உடம்பு வறண்டிருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். போதாததற்கு, பை திடீரென நிரம்புவது உடம்பு அந்தக் குடலை நிராகரிப்பதன் முதல் அடையாளமாகவும் இருக்கலாம், மாத்திரையால் அடக்கினால் அதுவும் மறைந்துவிடும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் டயாலிசிஸ் பை வீடு தேடி வருகிறதே, அதோடு ஓ.ஆர்.எஸ்ஸும் வயிற்றில் ஒட்டும் அந்த ஸ்டோமா பையும் வரட்டும். தாலுகா மருத்துவமனைகளில் ஒரு பக்கக் குறிப்பு ஒட்டுங்கள்: குடல் மாற்றியவர் இப்படி வந்தால் உடனே சலைன், உப்புச்சத்து மற்றும் டாக்ரோலிமஸ் பரிசோதனைக்கு இரத்தம், குடல் மாற்றிய மையத்துக்குப் போன். வறண்டு கிடப்பவரை அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இராத்திரி ரயிலில் ஏற்றுவது எங்கள் வேலையாக இருக்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் பதில் வந்தால் நல்லது.