சரக்கு கையாளும் கடைப் பணியாளர்கள் விழுந்து காயமடைவதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்: சில்லறை விற்பனைக் கடைப் பணியாளர்கள்
பெறுநர்: தொழிலாளர் துறை ஆணையர் அவர்கள்
பொருள்: கடைகளிலும் குடோன்களிலும் பாதுகாப்பு ஆய்வு கோருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். சரக்கு இறக்குவது, குடோனிலிருந்து எடுத்து வருவது, ரேக்கில் அடுக்குவது எங்கள் அன்றாட வேலை. இதில் ஒருவர் விழுந்து அடிபட்டால், விபத்துப் பதிவேட்டில் 'கால் வழுக்கி விழுந்தார்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். கையில் என்ன இருந்தது, எதன் மேல் நின்றார், தரையில் என்ன கிடந்தது என்று எழுதுவதில்லை. கடைசியில் பழி விழுந்தவர் மேலேயே வருகிறது.

இரண்டு கைகளிலும் பெரிய பெட்டி இருந்தால் காலடி தெரியாது. தடுக்கினால் எதையும் பிடித்துக்கொள்ளவும் முடியாது. ஏணியில் இரு கால்களும் ஒரு கையுமோ, இரு கைகளும் ஒரு காலுமோ எப்போதும் பதிந்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பின் அரிச்சுவடி. பெட்டியோடு ஏறுகிறவர் இதை எப்படிக் கடைப்பிடிப்பார்? பல இடங்களில் ஏணியே கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலி, கவிழ்த்த கிரேட், சில நேரம் ரேக்கின் தட்டுதான் படி. கீழே அறுத்துப் போட்ட பேக்கிங் பட்டையும், குளிர்பதன அறை வாசலில் தேங்கிய தண்ணீரும் வேறு. விழும்போதுகூடப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொள்கிறோம். உடைந்தால் சம்பளத்தில் கழிப்பார்களே என்ற பயம்தான்.

கடை வேலையில் என்ன ஆபத்து என்று கேட்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பணியிடங்களை அலுவலர்கள் ஆய்வு செய்வது பற்றிய 1947ஆம் ஆண்டு உடன்படிக்கையே (எண் 81) வணிக நிறுவனங்களைத் தனிப் பகுதியாக வைத்து, வேண்டாத நாடுகள் அதை விட்டுவிடலாம் என்றது. ஆனால் 2022இல் அதே அமைப்பு பாதுகாப்பான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் சேர்த்துவிட்டது.

எனவே பதிவேட்டின் படிவத்தை முதலில் மாற்ற ஆணையிடுமாறு வேண்டுகிறோம். சுமை, நின்ற இடம், தரையின் நிலை மூன்றும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். காரணம் பதிவானால்தான் மற்றதைக் கேட்க முடியும். கைப்பிடியும் மேல்தட்டும் உள்ள படி ஏணி, டிராலி, வழுக்காத காலணி ஆகியவற்றை நிர்வாகமே தன் செலவில் தர வேண்டும். கனமான சரக்கை இடுப்பு உயரத் தட்டில் வைக்கச் சொல்ல வேண்டும். இதற்குச் செலவே இல்லை. அப்புறம், விழும்போது சேதமான சரக்குக்காகச் சம்பளத்தில் பிடிப்பதைத் தடுக்க வேண்டும்.

ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் முன்பக்கக் கவுண்டரோடு திரும்பிவிடாமல், சரக்கு இறங்கும் நேரத்தில் குடோனுக்குள் வந்து பார்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைப் பணியாளர்கள்