ஆலங்காயம் முதல் காரவள்ளி வரை வழி சொன்னவர்களுக்கு

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்ற நான்கு மலைகளிலும் அவற்றின் அடிவாரங்களிலும் எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, நாமக்கல் வரை மலை மலையாகச் சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்த மூன்று பேரை உங்களுக்கு நினைவிருக்கும். ஊர் திரும்பியதிலிருந்து பாராட்டு வந்துகொண்டே இருக்கிறது. அதில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. மிதித்தது நாங்கள்தான். எந்த வழியில் போவது, எங்கே நிற்பது, எந்த இடத்தில் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தது பெரும்பாலும் நீங்கள்தான். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. ஊரைச் சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆலங்காயம் டீக்கடை அண்ணே, முதல் நன்றி உங்களுக்குத்தான். விடிந்தும் விடியாமலும் வந்து நின்றோம். "காவலூர் வரைக்கும் ஏத்தம்தான், வெயில் ஏர்றதுக்குள்ள போய்டுங்க" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே மூன்று பேர் பாட்டிலையும் வாங்கி நிரப்பிக் கொடுத்தீர்கள். காவலூர் வானாய்வகத்தைப் பற்றி நீங்கள் பேசியதில் உங்கள் சொந்த வீட்டைப் பற்றிப் பேசும் பெருமை இருந்தது. அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே கட்டப்பட்டது என்பதும், 1986-இல் அந்த இடத்துக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரை வைத்தார்கள் என்பதும் எங்களுக்குப் படித்துத் தெரிந்தவை. ராத்திரி அந்த மலையில் வானம் எவ்வளவு இருட்டு என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அன்று இரவு ஜமுனாமரத்தூரில் விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் வெளியே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் ஜமுனாமரத்தூரைச் சற்றுத் தாண்டியதும் பிடித்த மழையில், பள்ளி வராந்தாவில் ஒதுங்க இடம் கொடுத்த ஆசிரியை அம்மாவுக்கும் அந்த உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு எங்களைவிட வண்டிதான் பிடித்திருந்தது. ஒரு பையன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தி மிதியைக் கையால் சுற்ற, செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதை மற்றவர்கள் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் போனால் மிதி ஏன் லேசாகிறது, வண்டி ஏன் மெதுவாகிறது என்று நீங்கள் கேள்வி கேட்டீர்கள். முன்வரிசையில் இருந்த சின்னப் பெண், "சுத்து கம்மி டீச்சர், அதான் பலம் கம்மியா போதும்" என்றாள். எனக்கே யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. மழை விட்டதும் சாமைக் கஞ்சி கொடுத்து அனுப்பினீர்கள். போளூர் இறக்கம் முடியும்வரை பசிக்கவே இல்லை.

போளூரிலிருந்து திருவண்ணாமலை, மணலூர்பேட்டையில் தென்பெண்ணைப் பாலம், கள்ளக்குறிச்சி எல்லாம் சமவெளி. எங்களைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்ட கரும்பு லாரி ஓட்டுநர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கு மேலே ஏறும் பாதையில் எங்களை நிறுத்திய வனக்காவலர் ஐயா, உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும். மணி நாலரை. வெள்ளிமலைக்கு இருட்டுவதற்குள் போய்விடலாம் என்பது எங்கள் கணக்கு. நீங்கள் எங்கள் வண்டியில் தொங்கிய மூட்டைகளைப் பார்த்தீர்கள், எங்கள் முகத்தைப் பார்த்தீர்கள், "முடியாதுங்க" என்றீர்கள். அதிகாரமாகச் சொல்லவில்லை. இறங்குகிற சைக்கிளில் சத்தம் கிடையாது, வளைவு திரும்பினால் கரடி நிற்கும், அதற்கும் எங்களுக்கும் விலக நேரம் இருக்காது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். திருப்பி அனுப்பியதோடு விட்டுவிடாமல், தங்க இடம் பார்க்கச் சொல்லி அடிவார ஊர்ப் பெரியவருக்கு நீங்களே போன் செய்தீர்கள். ஒருவரைப் போகாதே என்று தடுத்துவிட்டு, அவர் எங்கே தூங்குவார் என்றும் யோசிப்பது எல்லோருக்கும் வராது.

கோயில் மண்டபத்தைக் கூட்டிப் பாய் போட்டுக் கொடுத்த பெரியவருக்கும், குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) வேகவைத்து மிளகாய்த் துவையலோடு கொண்டுவந்த அக்காவுக்கும் நன்றி. காசு கொடுக்க வந்தபோது, "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட வாங்குவாங்களா" என்று அக்கா கோபித்துக்கொண்டார். மறுநாள் காலை வெள்ளிமலை ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கிழங்கை நினைத்துக்கொண்டேன்.

கருமந்துறை, தும்பல் வழியாக இறங்கி ஆத்தூர் வந்து, கெங்கவல்லி கடந்து தம்மம்பட்டிக்குள் நுழையும்போது என் பின்டயர் பக்கவாட்டில் கிழிந்தது. கட்டைவிரல் நீளத்துக்குப் பிளவு. டியூப் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது. அந்த அளவு டயர் சேலத்துக்குப் போனால்தான் கிடைக்கும் என்றார்கள். மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர் அது. கடைத்தெருவில் பாதி செதுக்கிய சாமி சிலைகளுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தேன், சைக்கிள் கடை ஐயா.

நீங்கள் செய்ததை அப்படியே எழுதிவைக்கிறேன், இனி வருகிற சைக்கிள்காரர்களுக்கும் பயன்படும். பழைய டயர் ஒன்றிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டினீர்கள். அதன் நான்கு ஓரத்தையும் கத்தியால் சீவிச் சீவிக் காகிதம்போல் மெலிதாக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்கள். ஓரம் தடிப்பாக இருந்தால் அதுவே டியூபைக் கடித்துவிடும் என்றீர்கள். பிறகு சொலுஷன் தடவி, காயும்வரை காத்திருந்து, டயருக்குள்ளே கிழிசலின் மேல் கேட்டீஸாக, அதாவது உள்ஒட்டாக, ஒட்டினீர்கள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, நடுநடுவே டயரைப் பிசைந்து பார்த்தீர்கள். எல்லாம் முடிந்தது என்று நான் பணத்தை எடுத்தால், நீங்கள் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்து, "கோட்டம் இருக்குது தம்பி" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டீர்கள். கம்பி கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுத்து முடிக்க இருட்டிவிட்டது. பஞ்சர் கூலிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்தக் கேட்டீஸ் பச்சைமலை ஏறி இறங்கியது, கொல்லிமலை ஏறி இறங்கியது, இன்னும் அதே டயரில் இருக்கிறது.

வேலை பார்த்துக்கொண்டே நீங்கள் சொன்ன இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. உங்கள் ஊர் சுவேத நதியும் ஆத்தூர் வசிஷ்ட நதியும் கீழே சேர்ந்துதான் வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது என்றீர்கள். இரண்டு நாளாக மணலாகக் கிடந்த ஆறுகளைக் கடந்து வந்த எங்களுக்கு, அவை எங்கே போகின்றன என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

சோபனபுரம் வழியாகப் பச்சைமலை டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போய் வந்த பகுதியில் யாருக்கும் தொல்லை கொடுக்கவில்லை. அங்கிருந்து புளியஞ்சோலை போனோம். போன் காட்டிய வரைபடத்தில் புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலையில் இருக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் நேராக ஒரு கோடு ஓடியது. கொல்லிமலைக்குக் குறுக்கு வழி என்று நினைத்துக்கொண்டோம். பழக்கடை அம்மா, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரிக்கவில்லை, திட்டவில்லை. "அது நடந்து போற தடம் சாமி. பாறை. ஆளே கையை ஊன்றித்தான் ஏறணும், இந்த வண்டியை யாரு தூக்கறது" என்றீர்கள். மகனைக் கூப்பிட்டு, தம்மம்பட்டி திரும்பி முள்ளுக்குறிச்சி வழியாக ஏறும் பாதையை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எந்த வரைபடமும் வண்டியின் எடையைக் கேட்பதில்லை. நீங்கள் கேட்டீர்கள்.

கடைசியாகக் கொல்லிமலை மேலே சோளக்காட்டில் பார்த்த அரசுப் பேருந்து ஓட்டுநர் அண்ணன், நடத்துநர் அண்ணன் இருவருக்கும். அங்கிருந்து அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. "பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்காதீங்க, விட்டு விட்டுப் பிடிங்க. அப்பப்ப நிறுத்தி ரிம்மு சூட்டைப் பாருங்க" என்றீர்கள். மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, வளைவில் பேருந்து ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும், ஹாரன் கேட்டால் உள்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள் என்று கையால் காற்றில் வளைவு போட்டே காட்டினீர்கள். சொன்னதோடு நிற்காமல், எதிரே வரப்போகும் பேருந்துக்காரர்களுக்கும் போனில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். ஏறி வந்த பேருந்தின் நடத்துநர் படியில் நின்றபடி, "நாமக்கல் போறவங்கதானே, பாத்துப் போங்க" என்று குரல் கொடுத்தபோதுதான் எங்களுக்கே அது தெரிந்தது. அந்த இறக்கத்தில் எங்களுக்கு இருந்த பயமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

இந்த வழியை எங்களிடம் கேட்கும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு எழுதிவருகிறோம். வனக்காவலர் ஐயா சொன்ன நேரக் கட்டுப்பாடு, புளியஞ்சோலைத் தடத்துக்குச் சைக்கிள் கூடாது என்பது, ஏறும் வண்டிக்கு வழி விடுவது, பிளாஸ்டிக் உறைகளை மலையில் போடாமல் திரும்பக் கொண்டுவருவது எல்லாம் அதில் முதல் பக்கத்திலேயே இருக்கும். கஞ்சியும் கிழங்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று எழுத மாட்டோம். வருகிறவர்கள் உங்கள் கடைகளில் காசு கொடுத்துச் சாப்பிட்டு, உங்கள் ஊர்ச் சாமையும் மிளகும் தேனும் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது எங்கள் ஆசை.

பள்ளிப் பிள்ளைகள் கேட்ட படங்களை அச்சிட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். கூடவே ஒரு பழைய கியர் செட்டும், பிரித்துப் பார்க்க. தம்மம்பட்டிக் கடைக்கு எங்கள் அளவு டியூப் சிலவற்றை அனுப்புகிறோம், ஐயா. அடுத்து யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் போட்டுக் கொடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
சைக்கிளில் வந்த மூவர்