‘கூட யாரு வந்திருக்கா?’

மதுரை பெரியார் பஸ் நிலையம் பக்கத்து டீக்கடை அண்ணாச்சிக்கும் பூக்கடை அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம். நான் சொல்லச் சொல்ல, கடைத் தம்பி செல்லில் எழுதுகிறான். பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

கல்யாணச் சமையலுக்குக் கூடமாட ஒத்தாசைக்குப் போகிறவன் நான். முகூர்த்தம் இருந்தால் மண்டபத்தில் தூக்கம். இல்லாவிட்டால் தெற்கு மாசி வீதியில் ஒரு கடை வாசல். மார்கழியில் முகூர்த்தமும் கிடையாது, பனியும் அதிகம். இருமல் அப்போது பிடித்ததுதான். தை கடைசியில் சளியோடு ரத்தம் வந்தது.

முதலில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். “கூட யாரு வந்திருக்கா?” யாருமில்லை. “விலாசம்?” கடை வாசல். “போன் நம்பர்?” செல்லு திருடுபோய்விட்டது. “ஆளக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். ஆள் இருந்தால் நான் ஏன் வாசலில் படுக்கிறேன்?

மறுநாள் அண்ணாச்சி, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நீங்கள் வந்தீர்கள். வேறு இடம், அதே கேள்வி. “நான்தான், இவருக்கு அண்ணன்” என்றீர்கள். உங்களைவிட எனக்கு எட்டு வயசு கூட. சீட்டு எழுதினவர் நம்பிவிட்டார். விலாசத்துக்கு உங்கள் கடை, நம்பருக்கு உங்கள் நம்பர். பிற்பாடு மாத்திரை வாங்கப் போகாத நாளில் அந்த நம்பருக்குத்தான் போன் வந்தது.

தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரி சிஸ்டர்களுக்கு நன்றி. ரெண்டு மாசம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாசம் மூணு மருந்து, நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எத்தனை தடவை சொன்னீர்கள்! ஒன்னுக்குச் செம்மஞ்சளாகப் போனதை ரத்தம் என்று நினைத்து ஓடிவந்தேன். சிரிக்காமல் “மாத்திரையோட கலருதான்யா” என்ற சிஸ்டருக்குத் தனி நன்றி.

வெளியே வந்த பிறகுதான் பெரிய பாடு. மாத்திரை இலவசம், சரி. எங்கே வைப்பது? தலைமாட்டில் வைத்த பை விடிந்தால் இருக்காது. இருந்தாலும் மழையில் ஊறியிருக்கும். அக்கா, பூக்கூடைக்கு மேல்தட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தீர்கள். காலையில் வெறும் வயிற்றில் நான் முழுங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் அப்புறம் இட்லி. காசு வாங்கியதே இல்லை.

சத்தான சாப்பாட்டுக்கு அரசாங்கம் மாசம் 1,000 ரூபாய் பேங்கில் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன்னால் 500தான். எனக்குக் கணக்கும் இல்லை, ஆதாரும் இல்லை. வீடற்றோர் தங்குமிடத்துப் பொறுப்பாளர் அம்மா சான்று எழுதித் தந்தார். ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூணாவது தடவை அவரே கூட வந்து நின்றார். வேலை முடிந்தது.

போன வாரம் சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், போகிறேன்.

அக்கா, அந்தப் பாட்டிலைக் கழுவி அங்கேயே வையுங்கள். பக்கத்து வாசல் பெரியவருக்குச் சுகர், காலில் புண். திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு அவர்கூட நான் போகிறேன். விலாசத்துக்கு மறுபடியும் உங்கள் கடையைத்தான் சொல்லப் போகிறேன், அண்ணாச்சி.