அப்பா உட்காரும் ஹாலுக்கு டிவிதான் வேண்டும், ஜெயா

அன்புள்ள ஜெயா,

இங்கே எல்லாரும் நலம். அந்த வெளிநாட்டில் வெயில் ஏறியிருக்கும், ஆஸ்பத்திரி டியூட்டியில் தண்ணீர் குடிக்க மறக்காதே. பெரியவள் ஒழுங்காகப் படிக்கிறாள், சின்னவன் படிக்கிற மாதிரி உட்காருகிறான், வடசேரி பெரியம்மா உன்னை விசாரித்தாள், இன்னும் "அந்தப் பெரிய குடைக்காரி" என்றுதான் சொல்கிறாள். சரி, விசாரிப்பு இவ்வளவு போதும். உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

புது வீட்டு ஹாலுக்குப் புரொஜக்டர் வாங்கப் போவதாக நீ போட்ட மெசேஜுக்கு அன்றைக்கே பதில் போடவில்லை. வீட்டை நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மனசில்லை. சனிக்கிழமை மத்தியானம் தக்கலை பஸ் பிடித்துப் போனேன். வீடு அழகாக எழும்பியிருக்கிறது மக்கா, நிலை எல்லாம் வைத்தாயிற்று, பின்பக்கம் அந்த அயனிப் பலாவை வெட்டாமல் விட்டது ரொம்ப நல்லது. உள்ளே போனால் எலக்ட்ரீசியன் அண்ணன் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "ஹாலில டிவி பாயின்டே வேண்டாம்னு சொல்லிட்டாங்க, சீலிங்ல புரொஜக்டராம், 120 இஞ்சாம்" என்றார். எனக்குப் பக்கென்றது. வருகிற வாரம் சுவரைக் கொத்திப் பைப் பதிக்கப் போகிறார்கள், அது முடிந்த கையோடு பூச்சு. பூசிய பிறகு மறுபடி கொத்துவது என்றால் சுட்ட பானையை உடைத்து ஒட்டுகிற கதைதான். அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன், போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

நீ அனுப்பிய விளம்பரத்தை நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். 9000 லூமன்ஸ் என்று வெளிச்சத்தின் அளவைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, பக்கத்தில் ஆன்சி என்ற சொல் எங்கேயும் இல்லை. ஜெயா, இதை மட்டும் நிதானமாகக் கேள். ஆன்சி லூமன்ஸ் என்றால் திரையில் ஒன்பது இடத்தில் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுத்துச் சொல்கிற கணக்கு. அந்தப் பெயர் இல்லாத லூமன்ஸ் எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை, மலிவான பெட்டிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள். அது உண்மையில் 500 ஆன்சி லூமன்ஸ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெளிச்சத்தை 120 அங்குலத்துக்குப் பரப்பினால், அதாவது கிட்டத்தட்ட எட்டே முக்கால் அடி அகலம், ஐந்தடி உயரம், திரையில் நிற்பது 40 நிட்ஸ் அளவுதான், நிட்ஸ் என்பது திரை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதற்கான அளவு. டிஜிட்டல் தியேட்டர் திரைக்கு வைத்திருக்கும் கணக்கே 48 நிட்ஸ்தான், அதனால் இருட்டில் குறை சொல்ல முடியாது, ஜம்மென்று இருக்கும். சாதாரண டிவியே 300 நிட்ஸ் பக்கம் தருகிறது. தியேட்டரில் அந்தக் கொஞ்ச வெளிச்சம் நமக்குப் போதுமானதாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே கதவை மூடி விளக்கையெல்லாம் அணைத்துவிடுகிறார்கள். உன் ஹாலில் கிழக்கே ஆளுயர ஜன்னல் இரண்டு, தெற்கே ஒன்று. பிளானில் அவற்றைப் பெரிதாக்கச் சொல்லி இன்ஜினியரைப் படாத பாடு படுத்தியது நீதான்!

புரொஜக்டரால் கறுப்பைக் காட்டவே முடியாது என்பதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். படத்தில் கறுப்பு வரும் இடத்தில் அது வெளிச்சத்தை விடாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரம் அறையில் சுவர் என்ன நிறமோ அதுதான் உன் கறுப்பு. பகல் பத்து மணிக்கு உன் சுவர் பால் வெள்ளை. தலைமுடி, ராத்திரிக் காட்சி, கறுப்புச் சட்டை எல்லாம் சாம்பலாகத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற புரொஜக்டர் உன்னுடையதைவிடப் பல மடங்கு வெளிச்சம், அதற்கே வெயில் நேரத்தில் ஜன்னலை அடைத்து, ஃபேன் காற்று போதாமல் பிள்ளைகள் வியர்த்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் இருப்பவர்களுக்கு இருதயத்தின் அறைகள் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிகிறது. வருஷக்கணக்காக அதோடு மல்லுக்கட்டுகிறவள் சொல்கிறேன்.

ஆனால் எனக்குப் புரொஜக்டர் பிடிக்காது என்று நினைத்துவிடாதே. குலசேகரத்தில் என் அண்ணன் மாடி அறையில் ஒன்று வைத்திருக்கிறான், போகும்போதெல்லாம் மைனி சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு எல்லாரையும் மேலே கூப்பிடுவாள், பாய் விரித்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தட்டில் வைத்துக்கொண்டு சுவர் முழுக்கப் படம் பார்க்கும் சுகம் வேறு எதிலும் இல்லை. டிவியில் முகத்தைப் பார்க்கிறோம், அங்கே அந்த இடத்துக்குள்ளேயே போய்விடுகிறோம். உனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். திருவிழா மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போடும்போது, முன்னால் இடம் கிடைக்காமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்தெல்லாம் திரும்பித் தெரிய வாய் பிளந்து பார்த்தவர்கள்தானே நாம்.

அண்ணன் வீட்டில் இன்னொன்றும் உண்டு. கோடை மழை விழுந்ததும் ரப்பர் தோட்டத்து வண்டு கூட்டம் கூட்டமாக வெளிச்சத்துக்கு வரும், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்ட ராத்திரி என்றால் ஈசல். இருட்டு அறையில் வெளிச்சமான சுவர் ஒன்று கிடைத்தால் அதுகளுக்குக் கொண்டாட்டம், பின்னாலேயே பல்லி. கதாநாயகி அழும்போது பல்லி அவள் கன்னத்தில் ஓடுகிறது. ஜன்னலில் கொசுவலை அடித்தால் பெரும்பாலும் சரியாகும், உன் கார்பென்டரிடம் இப்போதே சொல்லிவிடு.

இடி விஷயம் அதைவிடப் பெரியது. சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் சாயங்காலம் இடிக்கிற இடி நீ மறந்திருக்க மாட்டாய். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும், நெட் வயரையும் கழற்ற வேண்டும். சீலிங்கில் தொங்குகிற பெட்டியின் பிளக்கைப் பிடுங்க யார் ஸ்டூல் போட்டு ஏறுவார்கள்? உன் அம்மாவா? லேம்ப் வைத்த புரொஜக்டராக இருந்தால், கரண்ட் திடீரென்று போனதும் குளிர்விக்கிற ஃபேனும் நின்று சூடான லேம்ப் அப்படியே வெந்துகொண்டு கிடக்கும், அதனால் இன்வெர்ட்டரும் வேண்டும். எல்இடி, லேசர் என்றால் லேம்ப் மாற்றும் செலவு இல்லை, ஆனால் நல்ல லேசரின் விலையைக் கேட்டால் உனக்கு பால்காய்ப்பு விருந்தே வேண்டாம் என்று தோன்றும்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்த ஹாலில் யார் உட்காரப் போகிறார்கள் ஜெயா? நீ வருஷத்தில் ஒரு மாதம் வருவாய். மிச்ச நாளெல்லாம் அப்பாவும் அம்மாவும்தான். அப்பா காலையில் பேப்பர் முடித்ததும் நியூஸ் போடுகிறார், முதலில் தமிழ், பிறகு மலையாளம், மத்தியானம் மேட்ச் இருந்தால் மேட்ச், ஆறு மணிக்கு மேல் ரிமோட் அம்மா கைக்குப் போகும். அப்பா பார்ப்பதெல்லாம் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் திறந்திருக்கும்போதுதான். காற்று இல்லாமல் அவரால் உட்கார முடியாது, உனக்கே தெரியும். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆயிற்று, இன்னொன்று பாக்கி. நீ என்ன செய்யச் சொல்கிறாய், திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டில் உட்கார வைக்கவா?

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள், ஆனாலும் சொல்கிறேன். போன மாதம் வாடகை வீட்டில் ராத்திரி விளக்குப் போடாமல் பாத்ரூம் போனவர் வாசல்படி தட்டி விழுந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே, நன்றாக நடக்கிறார். ஆனால் எழுபது தாண்டியவருக்கு இருட்டு எவ்வளவு ஆபத்து என்று தினமும் வார்டில் பார்க்கிற நீ எனக்குச் சொல்ல வேண்டும், நான் உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படம் பார்ப்பதற்காக வீட்டை இருட்டாக்குகிற ஒரு பெட்டியை அவர் நடமாடும் இடத்தில் வைக்காதே. இது ஒன்றுக்காகவே நான் உன்னோடு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சண்டை போடுவேன்.

நம் தெருவுக்கே டிவி காட்டிய மனுஷன் அவர். 1985-ல் திருவனந்தபுரத்திலிருந்து மலையாளம் வர ஆரம்பித்த காலத்தில், அவர் மொட்டைமாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, நீயும் நானும் கீழே நின்று "தெரியுது, இல்ல போச்சு, இன்னும் கொஞ்சம் இடது" என்று தொண்டை கிழியக் கத்துவோம். இலங்கை ரூபவாஹினி தெளிவாகக் கிடைத்த ராத்திரிகளில் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் எழுப்பி உட்கார வைப்பார். அந்த மனுஷனுக்கு இப்போது ஸ்கோர் எழுத்து தெரியவில்லை என்று டிவிக்கு ரெண்டடி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். பெரிய திரை அவருக்குத்தான் வேண்டும், அதுவும் பட்டப்பகலில் தெரிகிற பெரிய திரை.

ஹாலில் நாற்காலியிலிருந்து சுவர் வரை பத்தடி, நானே டேப் பிடித்துப் பார்த்தேன். அதற்கு 75 அங்குலம் சரியாகப் பொருந்தும், அகலம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் மூணு அடி ஒரு அங்குலம். 65 என்றாலும் மோசமில்லை, ஆனால் அப்பா கண்ணுக்கு 75. எந்தச் சுவரில் மாட்டுவது என்றால், வடக்குச் சுவர் வேண்டாம், தெற்கு ஜன்னல் வெளிச்சம் நேராக அதில் விழும். மேற்குச் சுவரில் மாட்டினால் காலை வெயில் கண்ணாடியில் பளிச்சென்று அடிக்கும். கிழக்கில் இரண்டு ஜன்னலுக்கு நடுவே மாட்டினால் பின்னாலிருந்து வெளிச்சம் கண்ணைக் கூசும். ஆகவே தெற்குச் சுவர்தான், ஜன்னல் அதில் ஒரு மூலையில்தான் இருக்கிறது என்பதால் மறுபாதியில் மாட்டலாம். எலக்ட்ரீசியன் அண்ணனும் அதைத்தான் சொன்னார். பிளக் பாயின்டை ஆறடியில் வைக்க விடாதே, எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி என்கிறார்கள். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடியில், உட்கார்ந்தவர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும்.

அங்கிருந்து டிவி தூக்கிக்கொண்டு வரும் யோசனை இருந்தால் விட்டுவிடு. 2013 ஆகஸ்டிலேயே தட்டை டிவியை வரியில்லாச் சலுகையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஏர்போர்ட்டில் வரி கட்டி, பெட்டி உடைந்திருக்குமோ என்று நெஞ்சு பதைத்து எதற்கு? 2025 செப்டம்பர் 22 முதல் இங்கேயே 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. நாகர்கோவிலில் வாங்கினால் கடைக்காரரே வந்து மாட்டித் தருவார், ரிப்பேர் என்றால் அம்மா போன் போட ஓர் ஆள் இருப்பார்.

உன் புரொஜக்டர் ஆசைக்கு மாடி அறை இருக்கிறது. ஒரே ஒரு சின்ன ஜன்னல், பதினாலு அடி நீளம், அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இப்போது பெட்டி வாங்க வேண்டாம், பைப் மட்டும் போடு. சீலிங்கில் சுவரிலிருந்து ஒன்பது பத்து அடியில் ஒரு பிளக் பாயின்ட், அங்கிருந்து கீழே ஸ்பீக்கர் வைக்கும் இடம் வரை ஒன்றரை அங்குல பைப், முக்கால் அங்குலத்தில் எச்டிஎம்ஐ வயரின் தலை வளைவில் சிக்கிக்கொள்ளும். பிறகு வயரை இழுக்க வசதியாக உள்ளே இழுகம்பி ஒன்று போட்டுவிடச் சொல். பிளக் உயரத்தில் இருந்தாலும் அங்கே நீ இருக்கும்போது மட்டும்தானே ஓடும், இடி வந்தால் நீ ஏறிப் பிடுங்கு. சத்தத்துக்குத் தனி ஸ்பீக்கர் கட்டாயம், இல்லாவிட்டால் ஆள் முன்னால் பேச, குரல் உன் உச்சந்தலைக்குப் பின்னாலிருந்து வரும். திரை வாங்கவும் அவசரப்படாதே, பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடித்த சுவரே ஆரம்பத்துக்குப் போதும். அடுத்த லீவுக்கு வரும்போது 100 அங்குலமோ 120-ஓ நீயும் நானும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்.

எலக்ட்ரீசியன் அண்ணன் திங்கட்கிழமை கொத்த ஆரம்பிக்கிறார். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அன்றைக்கு அவரிடம் நேரடியாகப் பேசி டிவி பாயின்டையும் மாடிப் பைப்பையும் சொல்லிவிடு, அவர் எண்ணுக்குச் சுவர் படங்களை அனுப்பியிருக்கிறேன், சாக்பீஸில் நான் குறித்த இடங்கள் தெரியும். அப்பா விழுந்ததை நான் சொன்னேன் என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, நீயாகக் கேட்பது போலக் கேள். பாத்ரூம் போகிற வழியில் ராத்திரி விளக்கு ஒன்றுக்கும் எலக்ட்ரீசியன் அண்ணனிடமே சேர்த்துச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் வேணி